சொல்லாமல் விட்ட நரம்பு

நகராட்சி நீச்சல் குளத்தின் டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவளுக்கு நீச்சல் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைச் சொல்லி உடன் வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அங்கேயே நீச்சல் சொல்லிக்கொடுத்த மாஸ்டரை அவள் கல்யாணம் செய்துகொண்டபோது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஊரில் பாதிப் பேரை மிதக்க வைத்த மனுஷனுக்குத் தன் பெண்டாட்டியை முழங்கால் தண்ணீரைத் தாண்டி இறக்க முடியவில்லை என்பது அந்தக் கட்டடத்தில் வெகுகாலம் ஓடிய வேடிக்கை. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். எல்லாரும் உள்ளே இறங்கிவிட்டால் டிக்கெட்டை யார் கிழிப்பது என்று கேட்பாள்.

கவுண்ட்டருக்கு முன்பக்கம் தெருவைப் பார்த்த சின்னத் திறப்பு. பின்பக்கம் குளத்தைப் பார்த்த பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் எந்நேரமும் ஆவி படிந்திருக்கும். அவள் கைக்குட்டையால் அதில் ஒரு வட்டம் துடைத்துவிட்டு, வேலைக்கு நடுவே அதன் வழியாகப் பார்த்துக்கொள்வாள். இடுப்பளவு தண்ணீரில் மாஸ்டர் நின்றிருப்பார். சுற்றிலும் மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைகள். குளோரின் நெடியும் ஊதல் சத்தமும் கூரையில் மோதித் திரும்பும் கூச்சலும் அவர்கள் இருவருக்கும் வீட்டுச் சத்தம் போல ஆகிவிட்டிருந்தன.

அந்தக் கூச்சலும் தண்ணீரும் சேர்ந்து மாஸ்டரின் காதைத் தின்றன. நாற்பது வயதுக்குள் இடது காது போனது. வலதும் பின்னாலேயே கிளம்பியது. காது மெஷின் வாங்கினார்கள். குளத்துக்கு வந்ததும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு அதை மறந்துபோவார். இரண்டு முறை அது சட்டையோடு சேர்ந்து துவைக்கப்பட்டுத் திரும்பி வந்தது. கடைசியில் மாஸ்டர், "எனக்கு எதுக்கு மெஷின்? அதான் நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அவள் அவருக்குக் காதானாள். வலது காதோரம் அவள் சொல்வது மட்டும் அவருக்கு விழும். போன் வந்தால் அவள் பேசுவாள். பெற்றோர்கள் குறை சொல்ல வந்தால் அவள் கேட்டுச் சொல்வாள். ஆனால் கேட்டதை அப்படியே சொல்லும் பழக்கம் அவளுக்கு நாளடைவில் போய்விட்டது. யாரோ ஒரு தகப்பன், "உங்க மாஸ்டர் என் பையனை ஒரு மாசமா ஓரத்துலயே உட்கார வச்சிருக்காரு" என்று கத்திவிட்டுப் போனால், மாஸ்டரிடம் வந்து, "பையன் சீக்கிரம் கத்துக்கணும்னு அவருக்கு ஆசை" என்பாள். மாஸ்டரின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், போனில் அரை மணி நேரம் தேளாய்க் கொட்டிவிட்டு வைத்தாலும், "அக்கா உங்க உடம்பை விசாரிச்சாங்க" என்றுதான் மாஸ்டருக்குப் போய்ச் சேரும். உப்பைக் குறைப்பது போல எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைப்பாள். யாருக்கும் கெடுதல் இல்லை. வீடு அமைதியாக ஓடியது. அதில் பொய் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன வருஷம், ஒரு பிற்பகல், அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது மாஸ்டர் குளத்து ஏணியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். குழந்தைகள் பாட்டுக்குத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் நிமிர்ந்து ஊதலை ஊதினார். வீட்டுக்கு வந்து கேட்டபோது, நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான் என்றார்.

அந்த மீன் அடிக்கடி துள்ள ஆரம்பித்தது. இதய டாக்டரிடம் போனார்கள். இளம் வயது டாக்டரம்மா; கெட்டிக்காரி. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன, அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று அதற்குப் பெயர் என்றார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பை அடக்க ஒரு மாத்திரை. மாஸ்டர் விழுங்கினார். துள்ளல் குறைந்தது, நிற்கவில்லை. அவருக்கு அது பெரிய விஷயமாகவும் இல்லை.

அவளுக்குத்தான் நிம்மதி போயிற்று. தண்ணீருக்குள் இருக்கும்போது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவர் தலை உள்ளே போய் வெளியே வரும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். டிக்கெட் கேட்டு வந்தவர்கள் திறப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் தப்பாகக் கொடுத்த சில்லறைக்காக மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். பயமாக இருக்கிறது என்று மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சிரிப்பார், தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவள்தானே என்பார். அதனால் சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். தொடை ரத்த நாளம் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, தாறுமாறான துடிப்பு கிளம்புகிற இடத்தைச் சுற்றி ஒரு சின்ன பலூனால் குளிரூட்டி உறைய வைத்துவிடலாம். மாஸ்டரின் சட்டைப் பையில் மெஷின் இல்லை. டாக்டரம்மா முகக்கவசம் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி பேசினார். மாஸ்டர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் அவருக்கு விழவில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. குழாய் போட்ட இடத்தில் ரத்தம் கட்டலாம் என்றார். அபூர்வமாக இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம், பக்கவாதம் வரலாம் என்றார். பிறகு திரையை விட்டுத் திரும்பி, அவளைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொண்ணு. நாங்க உறைய வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு நரம்பு போகுது. மூச்சு இழுக்கிற தசையை அசைக்கிற நரம்பு. அது அடிபட்டா வலது பக்கத் தசை நின்னுடும். முக்கால்வாசிப் பேருக்குத் தானா திரும்பிடும். சிலருக்குத் திரும்பாது. இவர் நீச்சல்காரர்ங்கறதால இதைத் தனியா சொல்றேன். அவசரம் ஒண்ணும் இல்ல. வேற மாத்திரையும் மாத்திப் பாக்கலாம். ரெண்டு பேரும் யோசிச்சுட்டு வாங்க."

வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்ததும் மாஸ்டர் கேட்டார். "என்ன சொல்றாங்க?"

தொடையில் கொஞ்சம் ரத்தம் கட்டுமாம், எல்லா ஆபரேஷனிலும் இருப்பது போல இதிலும் கொஞ்சம் ஆபத்து உண்டாம் என்றாள் அவள். நரம்பு நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் இவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார், நாளைக்கே தண்ணீரில் இறங்குவார், கண்ணாடிக்குப் பின்னால் தான் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டும். நரம்பை முழுங்கினாள். முழுங்கியதோடு நிற்கவில்லை. "சீக்கிரம் செஞ்சுக்கிட்டா நல்லதாம்" என்று ஒன்றைச் சேர்த்தும் விட்டாள்.

இத்தனை வருஷத்தில் அவள் குறைத்ததுதான் உண்டு. கூட்டியது அதுதான் முதல் தடவை.

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "சரி, அப்ப செஞ்சுடுவோம்" என்றார். ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டிய நாளில் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. நீ படித்தாயா என்று கேட்டார், படித்தேன் என்றாள். போட்டுவிட்டார்.

சிகிச்சை நாளன்று, நீச்சல் உடையில் இருப்பதை விட இந்த ஆஸ்பத்திரி அங்கியில்தான் தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று நர்ஸிடம் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு உள்ளே போனார். அவள் வெளியே காத்திருந்தாள். நெடுநேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். முகக்கவசத்தை இறக்கியபோது அந்த முகத்தில் களைப்பு இருந்தது. துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்றார். கடைசி இடத்தை உறைய வைக்கும்போது மூச்சுத் தசையின் அசைவை விடாமல் சோதித்துக்கொண்டே இருந்ததாகவும், திடீரென்று அது தளர்ந்ததாகவும், அந்த நொடியே நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். இன்னும் திரும்பவில்லை. காத்திருந்து பார்க்க வேண்டும்.

உடம்பில் அத்தனை நரம்பு இருக்க, அவள் எதைச் சொல்லாமல் விட்டாளோ அதுவேதான்.

கண் விழித்த மாஸ்டர் கேட்டது, என்ன சொல்றாங்க என்ற அதே கேள்விதான். இதயம் சரியாகிவிட்டதாம் என்றாள். அதில் பொய் இல்லை. அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். சாயங்காலம் தொடை வீங்கி, நர்ஸ் ஒருத்தி தன் முழு எடையையும் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தபோது, இதைத்தானே முன்கூட்டியே சொன்னாய் என்பது போல அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கையை அவளால் தாங்க முடியவில்லை. தண்ணீர் பிடித்துவருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாஸ்டரால் தட்டையாகப் படுக்க முடியவில்லை. குனிந்து ஷூ நாடா கட்டினால் மூச்சு வாங்கியது. மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பார்த்தார். இதயம்தான் இன்னும் சரியாகவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். உடம்பு அசதி, போகப் போகச் சரியாகிவிடும் என்று அவள் சொன்னாள். ஒன்றை மறைக்கப் போய் அடுத்ததை மறைக்க வேண்டி வந்தது. நாடாவை அவளே குனிந்து கட்டிவிட்டாள். கட்டும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடிந்தது; அது ஒரு வசதியாக இருந்தது.

வேலைக்குத் திரும்பிய நாளில் குழந்தைகள் கைதட்டி வரவேற்றார்கள். மாஸ்டர் ஏணியில் இறங்கினார். இடுப்பு வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நெஞ்சு வரை தண்ணீர் ஏறியதும் முகம் மாறியது. வாய் திறந்து திறந்து மூடியது. கை கம்பியைத் தேடியது. வயிற்றையும் நெஞ்சையும் தண்ணீர் நாலாபக்கமும் அழுத்த, அதை எதிர்த்துத் தள்ள வேண்டிய தசையில் பாதி சும்மா கிடந்தது. இதையெல்லாம் அவள் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்போது கண்டது, யாரோ தூக்கிவிட, அவர் கரையில் வந்து உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சுக்குத் தவித்ததைத்தான். எதற்குப் பயந்து அவள் அத்தனையும் செய்தாளோ, அந்தக் காட்சியையே இப்போது தன் கையால் வரவழைத்திருந்தாள். பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் பலகையோடு ஓரத்தில் ஒதுங்கினார்கள். கவுண்ட்டரில் யாரோ டிக்கெட் கேட்டார்கள். அவள் காதில் விழவில்லை.

மறுபரிசோதனைக்கு நாள் வந்தது. மகள் லீவு போட்டு வந்து பார்த்துவிட்டுப் போகும்போது புதுக் காது மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்காவது போட்டுக்கொள்ளுங்கள் அப்பா என்று சத்தியம் வாங்கியிருந்தாள். மாஸ்டர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அவர் காதில் அது உட்கார்ந்திருப்பதைப் பஸ்ஸில் பார்த்ததுமே அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போகும் வழியிலேயே சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தாள். ஒவ்வொரு நிறுத்தமாகத் தாண்டிப் போனது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வலது பக்கம் தசை மேலே ஏறி அப்படியே நின்றிருந்தது. "அன்னைக்கே சொன்னேன் இல்லையா, இந்த நரம்பைப் பத்தி. உங்களுக்காகத்தான் அதைத் தனியா சொன்னேன்" என்றார் மாஸ்டரிடம்.

மாஸ்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றார் மாஸ்டர். "சொன்னீங்க. ஞாபகம் இருக்கு."

அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் அங்கேயே கத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அந்த ஒரு வார்த்தையில் அவள் கூனிக் குறுகிப் போனாள்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பஸ் வந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு அந்தம்மா என்னென்ன சொன்னாங்களோ அத்தனையும் இப்ப சொல்லு," என்றார். "ஒண்ணையும் விடாதே."

அவள் சொன்னாள். ரத்தக் கசிவு, பக்கவாதம், நரம்பு, சிலருக்குத் திரும்பாது என்பது, நீச்சல்காரர் என்பதால் தனியாகச் சொன்னது. சொல்லி முடித்து மூச்சு விட்டாள்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. "அவசரம் இல்லன்னு சொன்னாங்க. மாத்திரை மாத்திப் பாக்கலாம்னாங்க. சீக்கிரம் செய்யணும்னு நான்தான் சொன்னேன். அவங்க சொல்லல."

இன்னொரு பஸ்ஸும் போயிற்று.

"தெரிஞ்சிருந்தாலும் நான் சரின்னு சொல்லியிருப்பேனோ என்னவோ," என்றார் மாஸ்டர் கடைசியில். "அது இனிமே எனக்கே தெரியாது பாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

பயத்தில் செய்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். எத்தனை பயம் என்றும், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்றும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

மகளிடம் போனில் சொல்லி அழுதபோது, நல்லதுக்குத்தானே அம்மா செய்தாய், அப்பா தண்ணீரில் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று மகள் தேற்றினாள். அது அவளுக்கு ஒட்டவில்லை. தனக்குத் தூக்கம் வர வேண்டும் என்பதற்காக இன்னொருவர் உடம்பை வைத்து முடிவெடுத்தோம் என்பதை எந்த நல்லெண்ணத்தாலும் பூசி மெழுக முடியவில்லை.

வீட்டில் சண்டை இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. மாஸ்டர் காலையில் பல் தேய்த்ததும் மெஷினை மாட்டிக்கொள்வார், படுக்கும்போதுதான் கழற்றுவார். போன் அடித்தால் அவரே எடுத்தார். மின்சார ஆபீஸுக்கு அவரே பேசினார். அவள் சும்மா நின்றாள். இத்தனை வருஷம் அவரோடு பேசிய பேச்செல்லாம் அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொன்னதுதானோ என்று அப்போதுதான் தோன்றியது. தன் சொந்தப் பேச்சு என்று என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள்.

ஒருநாள் நாத்தனார் போன் செய்தாள். மாஸ்டர் எடுத்தார். எடுத்தவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சமையலறைக்குள் ஒதுங்கினாள். போனை வைத்துவிட்டு அவர் அதன் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா எப்பவுமே இப்படித்தான் பேசுவாளா?"

அவள் தலையசைத்தாள்.

"உன்னையுமா?"

"என்னைக் கொஞ்சம் கூடவே."

மாஸ்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் என்னடான்னா ஊரெல்லாம் எங்க அக்கா மாதிரி உண்டான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. சிரிப்புத்தான், சிரிப்பில் மூச்சு முட்டி இருமல் வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவர் விலக்கவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும், "இனிமே எதுவா இருந்தாலும் அப்படியே சொல்லு. எனக்குக் காரமா இருந்தா நான் தண்ணி குடிச்சுக்கறேன்" என்றார்.

அப்படியே சொல்வது லேசான வேலையாக இல்லை. குளத்தின் மேலாளர், மாஸ்டரால் இனி முடியாது, வேறு ஆள் பார்க்கலாமா என்று அவளிடம் ஜாடையாகக் கேட்டபோது, அதை அவரிடம் முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவள் வியர்த்துவிட்டாள். அவர் கேட்டுவிட்டு நேரே மேலாளரிடம் போனார். கரையில் நின்றே சொல்லிக்கொடுக்கிறேன், தண்ணீருக்குள் வேறு ஒருவர் இருக்கட்டும் என்று பேசி முடித்தார். ஊதலும் நீளக் கம்பும் வைத்துக்கொண்டு ஓரத்தில் நடந்தார். சில பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அதையும் அவள்தான் சொன்னாள், எத்தனை பேர் என்பது உட்பட.

அவள் இன்னொன்றும் செய்தாள். அவருக்குத் தெரிந்தே டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், அன்று தான் எதையெல்லாம் சொல்லாமல் விட்டாள் என்று சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"அவர் தலையாட்டினாரு. கேக்குதுன்னு நினைச்சுட்டேன். அவர் பக்கம் திரும்பி நானும் ஒரு தடவை கேட்டிருக்கணும்," என்றார் டாக்டரம்மா. அடுத்த முறை மாஸ்டர் போனபோது முகக்கவசத்தை இறக்கிவிட்டு, நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். அதைப் பார்த்து அவளுக்கு ஆறுதல் வரவில்லை. இது அன்றைக்கே நடந்திருந்தால் என்றுதான் தோன்றியது.

வருஷம் திரும்பும் சமயத்தில் எக்ஸ்ரேயில் தசை லேசாகக் கீழே இறங்கியிருந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். முழுசாக வருமா என்று மாஸ்டர் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. துள்ளல் மட்டும் திரும்ப வரவே இல்லை. இதயம் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. சிகிச்சை எதற்காகச் செய்தார்களோ அது பலித்துத்தான் இருந்தது. அதை நினைத்தாலும் அவளுக்குக் குறுகுறுக்கத்தான் செய்தது.

குளம் சுத்தம் செய்வதற்காக மூடியிருந்த ஒரு காலை, புதுத் தண்ணீர் நிரம்பியதும், மாஸ்டர் இறங்கிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அவள் கவுண்ட்டரை விட்டு ஈரத் தரையில் நடந்து ஏணிக்குப் பக்கத்தில், அவருடைய வலது காதுப் பக்கமாகப் போய் நின்றாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள்.

"இருக்கட்டும். எனக்கும்தான் இருக்கு."

ஒரு படி இறங்கினார். அவளுக்கு அப்போதுதான் கேட்க வாய் வந்தது. "என் மேல இன்னும் கோபம் இருக்கா?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அவளைச் சமாதானப்படுத்துவதற்காகச் சட்டென்று ஒன்றைச் சொல்லிவிடவில்லை.

"கொஞ்சம் இருக்கு," என்றார். "முன்ன இருந்த அளவுக்கு இல்ல."

தண்ணீர் இடுப்புக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. அவர் வாய் திறந்தது. அவள் கை தானாக நீண்டது. அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டு, சுவரிலிருந்து நழுவினார். அதிக தூரம் இல்லை. முதல் மிதவைக் கயிறு வரைதான். அங்கே பிடித்துக்கொண்டு இளைத்தார். திரும்பி வந்து கரையேறியபோது உதடு வெளுத்திருந்தது.

அவள் துண்டைப் போர்த்திவிட்டாள். வலது பக்கம் இன்னும் சோம்பேறியாகத்தான் இருக்கிறது, பழைய மாதிரி ஆகாது என்றுதான் தோன்றுகிறது என்றார் மாஸ்டர். ஆகிவிடும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது.

"ஆகாம போனாலும் போகலாம்," என்றாள்.

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, நாளைக்கும் இறங்கிப் பார்க்க வேண்டும், நீயும் வந்து நில் என்றார். சரி என்றாள். பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு சுத்தம் செய்கிறவர்கள் குழாயோடு உள்ளே வர, இருவரும் வழிவிட்டு ஓரமாக நடந்தார்கள்.